தோளில் இருந்த கை

மறுபடியும் அந்தக் கோடு. இப்போதுதான் அழித்தாள். அழித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடுக்கெடுத்து, ஆறிப்போன காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டுப் பார்த்தால் கணினித் திரையில் அங்கேயே இருக்கிறது. அப்பாவின் சட்டைக் காலரில் தொடங்கி, தோளைச் சுற்றி இறங்கி, நீட்டிய கையின் அடிப்பக்கமாகவே ஓடி, ஸ்டூல்மேல் நிற்கிற குழந்தையின் தோளில் படிந்திருக்கும் விரல்களுக்குப் பக்கத்தில் வந்து காணாமல் போகிற, நூல் மாதிரி வெளிறிய கோடு. பெரிதாக்கினால் கோடே கிடையாது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாம்பல் புள்ளிகள்தான். புள்ளிகளைத் துடைத்துத் துடைத்துச் சமமாக்கி, ஒழிந்தது என்று படத்தைச் சிறிதாக்கினால் உடனே கோடு. சுகந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் சொன்ன பேச்சு கேட்டதே. அம்மாவின் புடவைமேல் பூத்திருந்த பூஞ்சைப் பொட்டுகள் போயின. அண்ணன் குணசேகரனின் முழங்காலைப் பூச்சி அரித்திருந்தது, மற்ற முழங்காலைப் பார்த்து அதையும் கட்டியாயிற்று. சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டி உரிந்து வந்த மூலையில் ஸ்டுடியோவின் பின்திரையில் வரைந்த தூணும் கொடியும் திரும்ப முளைத்துவிட்டன. இது மட்டும் முரண்டு பிடிக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருத்தி இருக்கிறாளே, எத்தனை தடவை எழுப்பி நிறுத்தினாலும் உட்கார்ந்ததும் அதே சிரிப்பு, அந்த மாதிரி. காலாண்டு விடுமுறையில் விலங்கியல் டீச்சர் உட்கார்ந்து செய்கிற வேலையா இது. பேப்பர் கட்டு திருத்தாமல் கிடக்கிறது. ஆனால் அண்ணன் கேட்டுவிட்டான். ஓசூரில் புது வீடு, அடுத்த வாரம் பால் காய்ச்சுகிறான், கூடத்துச் சுவரில் இந்தப் படத்தைப் பெரிதாகக் கேன்வாஸில் அடித்து மாட்ட வேண்டுமாம். கடைக்காரர் இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பினால்தான் ஆகும் என்கிறாராம். நானே சரிசெய்து தருகிறேன், கடைக்காரனிடம் கொடுத்தால் அப்பாவை சினிமாக்காரன் மாதிரி ஆக்கிவிடுவான் என்று வாய்க்கொழுப்பில் சொன்னது அவள்தான்.

அப்படி ஆக்கத்தான் செய்தது, கடைக்காரன் இல்லை, இந்த மென்பொருளே. காலையில் பொறுமை போய் அந்தத் தானியங்கிப் பட்டனை அமுக்கினாள். சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றபோது திரையில் நான்கு அந்நியர்கள் இருந்தார்கள். அம்மாவுக்கு இல்லாத பல்வரிசை. அண்ணன் பால்மாவு டப்பாவில் சிரிக்கிற குழந்தை. இரண்டு வயது சுகந்தியின் பூப்போட்ட சீட்டி கவுன் பட்டாகப் பளபளத்தது. அப்பாவுக்குக் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றாக நட்டு, கன்னத்தை மெழுகி, இடுக்கிய கண்ணை அகலத் திறந்துவிட்டிருந்தது. யார் நீ என்று கேட்கத் தோன்றியது. அவளுக்கே வேடிக்கையாக இருந்தது, அவர் முகத்தை அவள் எங்கே பார்த்தாள், இந்தப் படத்தில் பார்த்ததுதானே. அர்த்தநாரி, பாலம் கட்டுகிற கம்பெனியில் பிட்டர், வடக்கே எந்த ஆற்றில் பாலம் போட்டாலும் அந்த ஆற்றங்கரையில் கொட்டகை போட்டுக்கொண்டு கிடந்தவர், ஒரிசாப் பக்கம் ஏதோ ஒரு கரையில் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூன்று வயது. வேறு படம் இல்லை. அவள் பிறந்தபிறகு அவர் வந்த ஒரே ஒரு லீவில் நான்கு பேருமாகச் சேலம் கடைவீதிக்குப் போய் எடுத்தது. அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். நீ ஸ்டூல்மேல நிக்கமாட்டேன்னு அழுத, லைட்டப் பாத்து பயந்துட்ட, உங்கப்பாதான் தோள்ல கைய வச்சி, பயப்படாத நான் புடிச்சிருக்கேன்னாரு, அப்பறம்தான் அடங்கின. அவர் கண்ணை இடுக்கியிருப்பது ஏன் என்று கேட்டால், வெளிச்சம் கூசிடுச்சு என்பாள். பட்டனை அமுக்கியதை ரத்து செய்து நான்கு அந்நியர்களையும் அனுப்பிவிட்டாள். பழைய கறையும் கீறலுமாக அவர்கள் திரும்பி வந்தபோது அப்பாடா என்று இருந்தது.

அந்தக் கையின் கனம் அவளுக்கு நினைவிருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, இரண்டு வயது நினைவு யாருக்கு இருக்கும் என்பார்கள், வகுப்பில் மூளையைப் பற்றி நடத்துகிறவள் அவளே அப்படித்தான் சொல்லுவாள். ஆனால் இருக்கிறது. உள்ளங்கை முழுக்கச் சொரசொரப்பு, கட்டைவிரல் கழுத்தெலும்பில் லேசாக அழுத்துகிறது, இரும்புத் துருவும் பீடியும் கலந்த ஒரு வாடை, மேலேயிருந்து ஒரு குரல். குரல் எப்படி இருந்தது என்று மட்டும் பிடிபடாது, வார்த்தைதான் இருக்கும். பத்தாவது பரீட்சைக்குப் போகும்போது இடது தோளை ஒரு தரம் தொட்டுக்கொண்டாள். டீச்சராக முதல் நாள் வகுப்பறைக்குள் நுழையும்போது. மணவறையில் ஜெயபால் தாலி கட்டக் குனிந்தபோது, எல்லோரும் புடவையைச் சரி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். பிரசவ அறையில் நர்ஸ் திட்டினாள், எதுக்கும்மா தோளைப் பிடிச்சிட்டிருக்க, கம்பியப் பிடி என்று. அண்ணனுக்கு அப்பாவோடு விளையாடிய நாட்கள் இருந்தன, ஆற்றில் குளித்தது, சைக்கிள் பாரில் போனது. கேட்டால் சொல்லமாட்டான், ஞாபகம் இல்லை என்பான், இருந்தும் வைத்திருக்கிறான் கருமி. அவளுக்கு அந்த ஒரு கைதான். அதன்மேல்தான் இப்போது கோடு ஓடுகிறது. விரல் அருகில் போகும்போதெல்லாம், தூரிகையின் வட்டத்தை எவ்வளவு சின்னதாக்கினாலும் விரல் நகத்தையும் சேர்த்துத் தின்றது. ரத்து. மறுபடி. நகம் போயிற்று. ரத்து.

கூடத்திலிருந்து டிவி சத்தம். அம்மா பாவாயி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே தொடர் பார்க்கிறாள், பார்ப்பது என்ன, கேட்பதுதான், காதும் மந்தம், அதனால் தெருவுக்கே கேட்கிறது. அதில் எவளோ ஒருத்தி நான் உனக்கு என்ன துரோகம் பண்ணினேன் என்று அழுகிறாள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் குறைப்பாள், பிறகு காது கேட்கவில்லை என்று ஏற்றுவாள். சுகந்தி, முடிஞ்சுதா என்று இதற்குள் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. முடியல என்று கத்தினாள். கத்தியது அம்மாவுக்குக் கேட்டிருக்கும், ஏன் கத்துகிறாள் என்பது கேட்டிருக்காது. ஜன்னல் வழியாக வெயில் நகர்ந்து வந்து திரையின் பாதியை வெளுத்துவிட்டது. எழுந்து திரைச்சீலையை இழுத்தாள், வளையம் சிக்கிக்கொண்டது, வெடுக்கென்று இழுத்ததில் கழன்றே வந்தது. போகட்டும். திரும்பி வந்து உட்கார்ந்தால் படம் அசையவில்லை, அம்புக்குறி உறைந்து கிடந்தது, மேலே ‘பதிலளிக்கவில்லை’ என்று வந்து நின்றது. பதிலளிக்கவில்லையாம். மூடித் திறந்தபோது காலையிலிருந்து செய்ததில் பாதி இல்லை. அண்ணனின் முழங்கால் மறுபடி அரிபட்டிருந்தது. அழுகை வரும்போலிருந்தது, ஒரு முழங்காலுக்காக யாராவது அழுவார்களா. எதற்கு இந்தப் பிடிவாதம், அண்ணன் சொன்ன மாதிரி அப்படியே அனுப்பிவிடலாமே, சுவரில் மாட்டினால் யார் பக்கத்தில் போய்ப் பார்க்கப் போகிறார்கள், விருந்துக்கு வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், டைல்ஸைப் பார்ப்பார்கள், கேசரி நன்றாக இருக்கிறது என்பார்கள். ஆனால் கோடு தெரியுமே. அவ்வளவு பெரிதாக்கினால் கோடும் பெரிதாகுமே, அப்பாவையும் அவளையும் நடுவில் பிரித்துக்கொண்டு கயிறு மாதிரி கிடக்குமே.

மடிப்பாக இருக்கும் என்றுதான் இத்தனை நேரமும் நினைத்திருந்தாள். வாடகை வீடு மாற்றும்போதெல்லாம் பெட்டியில் போட்டதில் எங்கோ மடங்கியிருக்கும். மடிப்பு என்றால் எப்படிப் போயிற்று, எவ்வளவு ஆழம் என்று அசலைப் பார்த்தால் தெரியுமே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. மேசை இழுப்பறையில் நியூஸ்பேப்பரில் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். மூலைக் காயம் மின்னியது. பூச்சி அரித்த இடம் சொரசொரவென்று நிழல் காட்டியது. கோடு இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. தாள் பளிங்கு மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை அப்பாவின் காலரிலிருந்து தோள் வழியாக விரல்வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். வழுவழுப்பு. திருப்பிப் பின்பக்கம் தடவினாள். அங்கேயும் இல்லை. தாள் மடங்கவே இல்லை. கோடு தாளில் இல்லை, படத்துக்குள்ளே இருக்கிறது. அப்படியென்றால். அப்படியென்றால் என்ன, கேமராவில் ஏதோ கோளாறு, பிலிமில் கீறல், கழுவும்போது தண்ணீர் ஓடியிருக்கும். பிலிம் கீறல் ஒரு ஆளின் உடம்பைச் சுற்றியா ஓடும், தோள் வளைந்த இடத்தில் வளைந்து, முழங்கை மடங்கிய இடத்தில் மடங்கி. ஓடாது.  அம்மா டிவியை அணைத்திருக்க வேண்டும், வீடு திடீரென்று நிசப்தமாகிவிட்டது, குக்கருக்குத் தண்ணீர் பிடிக்கிற சத்தம் மட்டும்.

பார்க்காதே என்று மனம் சொல்லச் சொல்ல அவள் பார்த்தாள். ஒருமுறை பார்த்தபின் பார்க்காமலிருக்க முடியவில்லை. அம்மாவின் மூக்கு நிழல் வலப்பக்கம் விழுகிறது. அண்ணனின் மூக்கு நிழலும் வலப்பக்கம். ஸ்டூல்மேல் நிற்கிற குழந்தைக்கும் அப்படியே. அப்பாவுக்கு மட்டும் மூக்கின் நிழல் நேர் கீழே, மேலுதட்டின்மேல் மீசையோடு சேர்ந்து கரேலென்று கிடக்கிறது. உச்சிவெயில். ஸ்டுடியோவுக்குள் உச்சிவெயில் எங்கிருந்து வரும். வெளிச்சம் கூசிடுச்சு, வெளிச்சம் கூசிடுச்சு. இத்தனை வருஷமாக அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள், பத்து வகைக் கண்ணின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்தவள். கையிடம் போனாள். பெரிதாக்கினாள், இன்னும், இன்னும். விரல்களுக்கு நடுவே அவளுடைய கவுன் தெரிய வேண்டும், வெள்ளையில் சின்னச் சின்னப் பூ. தெரியவில்லை. நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் இருந்தது கறுத்த, முரட்டுத் துணி, பின்னல் தடிமனாகத் தெரிகிறது, காக்கியாக இருக்கலாம், ஒரு ஓரத்தில் தையல்கூட இருக்கிறது. யாரோ ஒரு ஆம்பிளையின் சட்டைத் தோள். அதன் ஓரங்களைத்தான் தூரிகையால் வெள்ளைப்பூச்சு கொடுத்துப் பூப்போட முயன்றிருக்கிறார்கள், பூக்களில் ஒன்று பூ மாதிரியே இல்லை. அப்புறம் கவுன். அவ்வளவு பெரிய கை அழுத்தினால் பஃப் வைத்த கை அமுங்கி இருக்க வேண்டாமா. அமுங்கவே இல்லை. அந்தக் குழந்தையின் தோள்மேல் ஒன்றுமே இல்லாத மாதிரி, காற்று அடைத்த மாதிரி, உப்பி நிற்கிறது. சுகந்திக்கு இடது கை தானாக மேலே போயிற்று. பாதியில் தெரிந்து கீழே இறக்கினாள்.

போன் அடித்தது, அண்ணன். என்ன ஆச்சு, கடையிலேருந்து கேட்கறாங்க என்றான். ஒரு கோடு இருக்கு, போகமாட்டேங்குது என்றாள். அதையெல்லாம் நோண்டாத, அப்படியே அனுப்பு என்றான், அவசரமாக, அவள் முடிக்கும் முன்பே. காலையிலும் இதைத்தான் சொன்னான், நேற்றும், நோண்டாத என்ற அதே சொல்லைத்தான் சொன்னான். வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்கிறான் என்று நேற்று எரிச்சல்பட்டாள். இந்தப் படம் எடுத்தபோது அண்ணனுக்கு ஏழு வயது. ஏழு வயதில் எல்லாம் நினைவிருக்கும்.

“அன்னைக்கி அப்பா ஸ்டுடியோவுக்கு வந்தாரா அண்ணா?”

அந்தப் பக்கத்தில் டைல்ஸ் அறுக்கிற மிஷின் சத்தம் கேட்டது. அது நின்றது. மறுபடி கேட்டது. அண்ணன் வெளியே நடந்து போகிறான்போல, சத்தம் தூரமாயிற்று. அம்மாகிட்ட கேட்டுக்க என்றான் கடைசியில். கோபமில்லை குரலில், ஏழு வயதிலிருந்தே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் இறக்கி வைக்க இடம் தேடுகிற மாதிரி இருந்தது. வைத்துவிட்டான்.

வந்தாரா என்ற கேள்விக்கு வந்தார் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் எழுந்திருக்கவில்லை. திரையில் அந்த ஐந்து விரல்கள் இருந்தன, அவளுக்கு அந்த விரல்களை நன்றாகத் தெரியும், கட்டைவிரல் கழுத்தெலும்பில் லேசாக, எந்தக் கழுத்தெலும்பில், துரு வாடை, எங்கே முகர்ந்தாள், ஒருவேளை ஐ.டி.ஐ. முடித்து அண்ணன் பட்டறைக்குப் போய்வந்த நாட்களில் அவன் சட்டையில் முகர்ந்ததோ. பீடி, அது எதிர்வீட்டு மாமா. சொரசொரப்பு அம்மாவின் கையாகக்கூட இருக்கலாம், அம்மா தறிக்குப் பாவு ஓட்டியவள். ஒவ்வொன்றாக உரிந்து வந்தன. அந்த நினைவை அவளே கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக் கட்டியிருக்கிறாள், ஸ்டுடியோக்காரனைவிட நேர்த்தியாக, ஒரு கோடுகூடத் தெரியாமல். அப்படியென்றால் வேறு எதுவெல்லாம். கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததெல்லாம், மகன் முதன்முதலாக அம்மா என்றது, எதையெல்லாம் நம்புவது.  பிறகு கோபம் வந்தது, நல்லவேளையாக வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் பேசுவதற்கு நிறைய இருந்தது. அம்மா குக்கர் மூடியின் ரப்பரைச் சரியாகப் பொருத்தத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுகந்தி அதை வாங்கிப் பொருத்தி மூடி அடுப்பில் ஏற்றினாள். அம்மாவின் கையைப் பிடித்து அழைத்து வந்து தன் நாற்காலியில் உட்கார வைத்து, நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் இருந்த துணியைக் காட்டினாள்.  அம்மா முகத்தைத் திரைக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய், முதலில் என்னவென்று புரியாமல், பிறகு புரிந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அவரு பேரு மறந்துபோச்சு,” என்றாள். “மலையாளத்து ஆளு. அவரோட தோளுதான் அது.”

அதன்பிறகு அம்மா சொன்னதெல்லாம் துண்டு துண்டாக வந்தது, சுகந்திதான் வரிசைப்படுத்திக்கொண்டாள். அர்த்தநாரி கடைசியாக ஊருக்கு வந்துபோனபோது சுகந்தி வயிற்றில். தீபாவளிக்கு வருகிறேன் என்று கடுதாசி, பிறகு பொங்கலுக்கு, பிறகு பாலம் முடிந்ததும். ஒருதரம் கடுதாசியோடு ஒரு படம் வந்தது, பாலத்தடியில் வேலையாட்களோடு எடுத்தது, கீழே கல்மேல் உட்கார்ந்திருந்த அந்த மலையாளத்து ஆளின் தோளில் கையை ஊன்றிக்கொண்டு இவர் நின்றார். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டிருந்தது. அவன் அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று தண்ணீர்க் குழாயடியில் காதுபடவே சொன்னார்கள், நாத்தனார்களே சொன்னார்கள். புருஷன் எங்கே, ஏன் வரவில்லை என்று தறிக்கு நூல் கொடுக்க வருகிறவன்கூடக் கேட்டான். ஒருநாள் அம்மா குழந்தைகள் இரண்டையும் குளிப்பாட்டி உடுத்தி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனாள், முந்தானையில் அந்தப் படத்தை முடிந்துகொண்டு. ஸ்டுடியோக்காரன் அதிலிருந்து அவரை வெட்டி இவர்கள் படத்தில் ஒட்டி, ஒட்டியதை மறுபடி படம் பிடித்துக் கொடுத்தான். செவுத்துல ஒரு படம் இருந்தா யாரும் வாயத் தொறந்து கேக்கமாட்டாங்க பாரு என்றாள். கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் சாவுச் செய்தி வந்தபோது துக்கத்துக்கு வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அழுதார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று அண்ணன் சாமி படத்தின்மேல் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தான். வேறு யாராவது இருந்தாளா அவருக்கு என்று சுகந்தி கேட்டாள். தெரியாது என்றாள் அம்மா. வந்திருப்பாரு, பாலம் முடிஞ்சா வந்திருப்பாரு என்றாள், அதை எத்தனையோ ஆயிரம் தடவை தனக்குத்தானே சொல்லிப் பழகிய குரலில், இன்னமும் முடிவு தெரியாமல்.

சுகந்திக்குக் கேட்க வேண்டியது அது இல்லை. 

“கைய ஏம்மா எம்மேல வைக்கச் சொன்ன?”

“நான் எங்க சொன்னேன். கைய வெட்டிட்டா மொண்டியா இருக்கும், பாப்பா தோள்மேல போட்டுரட்டுமான்னு ஸ்டுடியோக்காரந்தான் கேட்டான். சரின்னேன்.”

“நான் அழுதன்னு சொன்ன.”

“நீ அழவே இல்ல கண்ணு. ஸ்டூல்மேல ஏத்தி விட்டேன். யாரும் புடிக்கல. நீபாட்டுக்கு நின்ன, வெளிச்சத்தப் பாத்துக்கிட்டு.” அம்மா கொஞ்சம் யோசித்தாள். “இது யாரு கை, இது யாரு கைன்னு நீதான் கேட்டுக்கிட்டே இருப்ப, பேச்சு வந்ததிலேருந்து. ஏதாச்சும் சொல்லணுமில்ல.”

குக்கர் விசில் அடித்தது.  கோபம் எங்கே போயிற்று என்று சுகந்தி தேடிப் பார்த்தாள், இருந்தது, ஆனால் பிடித்துத் தொங்கவிட ஆணி இல்லாமல் இருந்தது. அம்மா அப்போது அவளைவிட எவ்வளவு சின்னவள், பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற அந்தப் பெண் டீச்சரின் வயதுகூட இராது, பவுடர் பூசிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு, முந்தானையில் முடிந்த புருஷனோடு, இவரையும் சேர்த்துவிடு என்று ஒரு அந்நியனிடம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அவன் சிரித்தானோ என்னவோ. அம்மா திரையைத் தொடாமல் விரலை மட்டும் அதன் முன்னால் நீட்டி, தனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த இடத்தை, பின்திரையில் வரைந்த படிக்கட்டும் பூந்தொட்டியும் தெரிகிற அந்த வெற்றிடத்தை, மேலிருந்து கீழாகக் காட்டினாள்.

“எம் பக்கத்துலதான் நிக்க வைக்கச் சொன்னேன். எடமில்லன்னு ஓரமா ஒட்டிட்டான். வாங்கறப்பவே பாத்தேன், கேக்க வாய் வரல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள், யாரோ கேட்டுவிடுவார்கள்போல. “இதுல கொஞ்சம் கிட்டக் கொண்டாற முடியுமா?”

சுகந்தி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். அப்பாவைச் சுற்றி வெட்டுவது சுலபமாக இருந்தது, எங்கே வெட்ட வேண்டும் என்று காலையிலிருந்தே அந்தக் கோடு சொல்லிக்கொண்டுதானே இருந்தது. அவர் தனியாகப் பெயர்ந்து வந்தார், இன்னொருவர் தோளின் துணுக்கு விரலிடுக்கில் ஒட்டியபடியே. அதைத் துடைத்து எடுத்தாள். பிறகு மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினாள். பூந்தொட்டி மறைந்தது, படிக்கட்டு மறைந்தது, குழந்தையை ஒரு லேயர் முன்னால் கொண்டுவந்து அவரை அதற்குப் பின்னால் விட்டாள். அவர் போகப் போகக் கையும் போயிற்று. குழந்தையின் தோளிலிருந்து முதலில் கட்டைவிரல் கழன்றது, பிறகு உள்ளங்கை. அவள் ஒரு நொடி நிறுத்தினாள். இதை ரத்து செய்தால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும், ஒரே ஒரு பட்டன். இடது தோளில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது, காலையிலிருந்து ஒரே மாதிரி உட்கார்ந்திருந்ததால் இருக்கலாம். நகர்த்தினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த இளம்பெண்ணின் தோளில் போய் அந்தக் கை, அதற்கென்றே அளவெடுத்த மாதிரி, படிந்தது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், மூக்கின் கீழ் இருந்த வெயிலைத் தணித்து மற்றவர்களுக்கு விழுந்த பக்கமே நிழலை வைத்தாள். கண் இடுக்கியபடியே இருந்தது, அதைத் தொடவில்லை. அம்மா மூச்சு விடுகிற சத்தம் அவள் காதோரம் கேட்டது. 

“உன் தோள்லேருந்து போயிருச்சே,” என்றாள் அம்மா.

“போகட்டும்.”

அவர் நின்ற இடத்திலும், குழந்தையின் இடது தோளிலும், படம் இல்லாமல் கட்டம் கட்டமாக வெறுமை தெரிந்தது. பின்திரையை ஒருவழியாக இழுத்து மூடிவிட்டாள். தோள்தான் கஷ்டமாக இருந்தது. அந்த இடத்தில் அவளுடைய கவுன் எப்படி இருந்தது என்று எந்தப் படமும் சொல்லாது, ஒட்டினவன் அதை மூடித்தானே கையை ஒட்டினான். வலது தோளிலிருந்து துணியை எடுத்துத் திருப்பிப் போட்டாள். பூக்கள் எதிர்ப்பக்கம் பார்த்தன. அழித்துவிட்டு ஒவ்வொரு பூவாக எடுத்து வைக்கத் தொடங்கினாள். போன் மறுபடி அடித்தது, அண்ணன்தான். அம்மா போனைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். சுகந்தி எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. தோளின் வளைவில் பூ இன்னும் சரியாக உட்காரவில்லை.